வரப்போரப் பூக்கள்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில், திருச்சிக்குத் தெற்கே விராலிமலைப் பக்கம் கிளை பிரியும் மண்பாதைகளில் நடந்தவர்கள் அறிவார்கள்: ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து வெடித்துக் கிடக்கும் அந்தச் செம்மண் நிலம், அப்போது மட்டும் தன் நகைப்பெட்டியைத் திறந்து காட்டும். வரப்பின் மேல் தும்பை வெள்ளை வெளேரென்று நிற்கும். அதன் காலடியில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப் பூக்களுடன் விஷ்ணுகிரந்தி தரையோடு தரையாய்ப் படர்ந்திருக்கும். கண்மாய்க் கரையில் ஆவாரை மஞ்சளாய்க் குலுங்கும். வேலியில் முடக்கத்தான் தன் பச்சைப் பலூன்களைத் தொங்கவிட்டிருக்கும். இவற்றை யாரும் விதைக்கவில்லை. யாரும் நீர் பாய்ச்சவில்லை. பூக்கடையில் இவற்றை யாரும் முழம் போட்டு விற்பதுமில்லை.

இந்தப் பூக்களையும் இவை பூக்கும் நாட்டுப்புறத்தையும் நிழற்படமாக எடுப்பதை ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் ஒரு கடமையாகவே செய்து வருகிறோம். நாங்கள் என்றால் கணவனும் மனைவியுமாகிய இருவர். இருவருமே பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் ஓவியம் கற்பித்தவர். மற்றவர் தமிழ் கற்பித்தவர். ஒருவருக்குக் கோடும் வடிவமும் முக்கியம். மற்றவருக்குப் பெயர் முக்கியம். இவ்விரு பிடிவாதங்களுக்கும் நடுவே உருவானதுதான் எங்கள் படங்களின் பாணி. அதைச் சித்திரப் பாங்கு என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம்.

பள்ளிப் பாடநூலில் செடியின் பாகங்களைக் காட்டும் கோட்டுச் சித்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டில் இலை எப்படி அமர்ந்திருக்கிறது, எதிரெதிராகவா, மாறி மாறியா என்பது அதில் தெரியும். மொட்டு, பூ, காய் மூன்றும் தெரியும். நிழல் குறைவு. பின்னால் வெறுந்தாள். பார்ப்பவரை மயக்குவது அந்தச் சித்திரத்தின் நோக்கமன்று. அவர் நாளைக்கு அந்தச் செடியை வழியில் கண்டால் "இது அதுதான்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. தூரிகை செய்யும் அவ்வேலையைக் காமிராவைக்கொண்டு செய்ய முயல்வதே எங்கள் பாங்கு. எடுத்த படத்தை ஒரு விரல் தட்டலில் நீர்வண்ண ஓவியம் போலவோ பென்சில் சித்திரம் போலவோ மாற்றித் தரும் செயலிகள் இன்று கைபேசியில் பல உண்டு. அவற்றை நாங்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை படத்தின் மேல் தூரிகைத் தடத்தைப் பூசுகின்றன. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தெரிந்தெடுப்பதில்லை. சித்திரம் என்பது அந்தத் தெரிவில்தான் இருக்கிறது.

நாங்கள் நடக்கும் வழியில் களையெடுக்க வரும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ஊர் முழுவதும் அவரை ஆயா என்றே அழைப்பதால் நாங்களும் அப்படியே அழைக்கிறோம். எழுத்து அறியாதவர், ஆனால் அந்த மண்ணில் முளைக்கும் செடிகளில் அவருக்குப் பெயர் தெரியாதவை மிகச் சிலவே. ஒருமுறை நாட்காட்டியொன்றில் வந்திருந்த ஒரு காட்டுப்பூவின் வண்ணப்படத்தை அவரிடம் காட்டினோம். கண்ணைப் பறிக்கும் படம். மஞ்சள் இதழ்கள் தாள் முழுவதும் நிறைந்து, பின்புறம் பனிமூட்டம் போலக் கரைந்திருந்தது. ஆயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூவு நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா. இலையைக் காணோமே! இலையைப் பாக்காம என்னான்னு சொல்றது? மஞ்சப்பூவு ஆயிரம் இருக்கு."

அதே செடியை நாங்கள் எடுத்திருந்த படத்தை நீட்டினோம். வெள்ளைப் பின்னணியில் இதய வடிவ இலை, கூம்பிய மொட்டு, விரிந்த பூ, பல்சக்கரம் போன்ற காய் எல்லாம் ஒரே தாளில் இருந்தன. ஆயா முழுவதும் பார்க்கக்கூட இல்லை. "துத்தி" என்றார். அதன் இலையை எப்படி வதக்கி எந்த நோவுக்குக் கட்டுவார்கள் என்பதும் உடனே வந்தது. நாட்காட்டிக்குப் படம் எடுத்தவர் எங்களைவிடத் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் பூவின் அழகை எடுத்திருந்தார். ஆயா கேட்டது பூவின் அடையாளத்தை. அன்று முதல் எந்தப் படத்தையும் அச்சிட்டவுடன் ஆயாவின் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவது எங்கள் வழக்கமாயிற்று.

ஆயா கேட்டது செடிநூல் வல்லார் நெடுங்காலமாகக் கேட்டு வரும் கேள்விதான். ஆங்கிலக் கம்பெனியாரின் காலத்தில் சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்து நாட்டவரான ராபர்ட் வைட், தென்னிந்தியச் செடிகளைப் பற்றி 1838 முதல் 1853 வரை பல பாகங்களாக ஒரு பெருநூலை வெளியிட்டார். அதிலுள்ள படங்கள் 2,000-க்கும் மேல். அவர் பணிக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள் இருவர். இலை நரம்பையும் மகரந்தத் தண்டையும் தனித்தனியே பெரிதாக்கிக் காட்டிய அவர்கள் கை வண்ணத்தை இன்றைக்கும் பார்த்துச் செடியை அடையாளம் காணலாம். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் செடியினத்துக்கே வைட் சூட்டினார். பின்வந்த அறிஞர்கள் அவ்வினத்தை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டதால் அப்பெயர் வழக்கில் நிலைக்கவில்லை. ஆயினும் கூலிக்கு வரைந்த ஓர் ஓவியனின் பெயரைச் செடிக்கு இடத் தோன்றியதே, அது பெரிய மனம்.

நம்மவர்க்குப் பக்கத்திலேயே உள்ள மற்றொரு மரபும் உண்டு. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த சேசு சபைத் துறவி லூயி அங்லாத் அடிகளார், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழனி மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் தீட்டி வைத்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இரப்பினாத் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மாத்யூ அடிகளார், தமிழகத்துச் சமவெளிச் செடிகளைப் பற்றிய தம் பெருநூலை 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்டபோது, சொல் விளக்கம் மட்டும் போதாது என்று கோட்டுச் சித்திரங்களுக்கென ஒரு தனித் தொகுதியே சேர்த்தார். அவர் 2004-இல் மறைந்தார். அந்தச் சித்திரத் தொகுதியின் பக்கங்களை எங்களுள் ஓவியர் பாடம் படிப்பது போலப் புரட்டியிருக்கிறார். நாலைந்து அங்குலத் தாளில் ஒரு செடியின் முழு வாழ்வையும் அடக்கும் வித்தையை அங்கேதான் கற்க முடியும்.

காமிரா இந்தப் பணிக்குப் பின்னால் வந்தது என்று நினைக்க வேண்டாம். நிழற்படக் கலை பிறந்தவுடனே செடியிடம்தான் போயிற்று. இங்கிலாந்தில் ஆன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி 1843-இலேயே கடற்பாசிகளின் படங்களை நூலாகத் தொகுக்கத் தொடங்கினார். அவர் காமிராவைக்கூடப் பயன்படுத்தவில்லை. இரும்பு உப்புகள் பூசிய தாளின் மேல் பாசியைப் பரப்பி வெயிலில் வைத்தார். பின்னர்த் தாளை நீரில் அலசியபோது, வெயில் பட்ட இடம் நீலமாகவும் பாசி மறைத்த இடம் வெண்மையாகவும் நின்றன. இன்னொருவர் ஜெர்மனியில் ஓவியப் பள்ளி ஆசிரியராயிருந்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட். தம் மாணவர்களுக்கு வடிவம் கற்பிப்பதற்காகவே, தாமே அமைத்த காமிராவால் மொட்டுகளையும் சுருள் இலைகளையும் பன்மடங்கு பெரிதாக்கி எடுத்து வந்தார். அவை நூலாக வெளிவந்தது 1928-இல். அப்போது அவருக்கு வயது 63. ஓவிய ஆசிரியர் ஒருவர் முதுமையில் புகழ் பெற்ற கதை என்பதால் எங்களுள் ஒருவருக்கு அவர்மேல் தனிப் பாசம் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பிளாஸ்ஃபெல்ட் செடிகளை வெட்டி எடுத்து வந்து, வேண்டாத இலைகளை நீக்கிவிட்டுப் படம் எடுத்தார். நாங்கள் பறிப்பதில்லை. ஆராய்ச்சிக்காகப் பறிப்பதை நாங்கள் குறை கூறவில்லை. உலர்த்தி வைத்த மாதிரி இல்லாமல் செடிநூல் இல்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் ஒரு படத்துக்காகப் பறிக்க வேண்டிய அவசியமில்லை. பத்தடி தள்ளி அதே செடி இன்னொன்று இருந்தாலும், இந்தச் செடியில் வண்டு வந்து உட்காரும் நேரம் இது. எருக்கிலை ஒன்றைக் கிள்ளினால் அதன் அடியில் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கலாம். அதற்கு எருக்கின் குடும்பத்துச் செடிகளைவிட்டால் வேறு சோறு இல்லை. ஆகவே செடி நிற்கும் இடத்துக்கே தாளைக் கொண்டுபோகிறோம்.

இதற்கு வேண்டிய தளவாடம் அதிகமில்லை. புத்தகக் கடையில் கிடைக்கும் வெள்ளைச் சார்ட் அட்டை ஒன்று. நான்கு முழ வேட்டி ஒன்று. இரண்டு மூங்கில் குச்சிகள். அட்டையைச் செடிக்குப் பின்னால் ஒருவர் பிடிப்போம். வெயில் சுள்ளென்று அடித்தால் வேட்டியைக் குச்சிகளில் கட்டிச் செடிக்கு மேலே பந்தல் போல விரிப்போம். உடனே கடுநிழல் மறைந்து, இலையின் நரம்பெல்லாம் அமைதியாக எழுந்துவரும். மேகம் மூடிய நாளாயிருந்தால் வேட்டியும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். தரையில் படுத்துக் காமிராவை மேல்நோக்கிப் பிடித்தால் வானமே வெள்ளைத் தாள். எங்கள் வயதில் படுப்பது எளிது, எழுவதுதான் பாடு.

ஒரு நுணுக்கத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். காமிராவின் ஒளிமானி உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் வெள்ளை அட்டையைக் காட்டினால், "அதிக வெளிச்சம்" என்று பயந்து படத்தைக் கருக்கிவிடும். வெள்ளைத்தாள் அழுக்கு வேட்டியாகத் தெரியும். ஆகையால் அது சொல்லும் அளவைவிட ஒரு படியோ ஒன்றரைப் படியோ ஒளியைக் கூட்டியே எடுக்க வேண்டும். கைபேசியிலும் திரையைத் தொட்டால் வெளிச்சத்தைக் கூட்டும் குறி தோன்றும். அதை மேலே நகர்த்தினால் போதும். தும்பை போன்ற வெள்ளைப் பூவுக்கு மட்டும் இந்த விதி உதவாது. வெள்ளைமேல் வெள்ளை கரைந்துபோகும். அதற்கென நீல நிற அட்டை ஒன்று வைத்திருக்கிறோம்.

அடுத்தது தெளிவு. நாட்காட்டிப் படத்தில் பின்னணி கரைந்திருப்பதற்குக் காரணம், வில்லையின் துளையை அகலத் திறந்து எடுப்பது. துளையை 11 அல்லது 16 என்னும் எண்ணுக்குச் சுருக்கினால் முன்னிலையிலிருந்து பின்னிலை வரை தெளிவு கூடும். ஆனால் அதற்கேற்ப ஒளி குறையும். கதவு மெதுவாகத்தான் மூடும். அந்த இடைவெளியில் காற்று வந்து பூவை ஆட்டும். எனவேதான் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, காற்று எழுமுன் வேலையை முடிக்கிறோம். கைபேசியால் எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: அதைப் பூவின் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள், அருகிலுள்ளது ஊதிப் பெருத்து, தூரத்திலுள்ளது சூம்பிப்போகும். ஓரடி பின்வாங்கி இரு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் அளவு கெடாது. அளவு என்றதும் நினைவுக்கு வருகிறது: ஒவ்வொரு படத்திலும் செடியின் பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைக்கிறோம். அளவுகோலில் உள்ள மில்லிமீட்டர் ஆயாவுக்குத் தெரியாது. தீக்குச்சி எல்லோருக்கும் தெரியும்.

பூக்களுக்கும் நேரம் உண்டு. விஷ்ணுகிரந்தி காலையில் விரிந்து, உச்சி வெயிலுக்குமுன் சுருண்டுவிடும். துத்திக்கு மாலையில்தான் மனம் வரும். அல்லி இரவெல்லாம் விழித்திருந்து முற்பகலில் கண்மூடும். நெருஞ்சி கதிரவன் பக்கமே முகம் வைத்திருக்கும். கதிரவனுக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் பூவின் முகம் கிடைக்கும். அப்படி நின்றால் எங்கள் நிழலே அதன்மேல் விழும். சற்றே விலகி, பக்கவாட்டில் முழங்காலிட வேண்டும். நெருஞ்சிக்காட்டில் முழங்காலிடுவது எத்தகைய தவம் என்பதை, அதன் முள் தைத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓவியனுக்கு உள்ள ஓர் உரிமை காமிராவுக்கு இல்லை. மொட்டும் பூவும் முற்றிய காயும் வேறு வேறு வாரங்களில் வருபவை. ஓவியன் அவற்றை ஒரே கிளையில் சேர்த்து வரைந்துவிடலாம், யாரும் அவனைப் பொய்யன் என்னார். நிழற்படம் அன்றைக்கு உள்ளதைத்தான் காட்டும். ஆகவே நாங்கள் ஒரே செடியிடம் திரும்பத் திரும்பப் போகிறோம். கண்மாய்க்கரை வேலியில் படர்ந்த செங்காந்தள் கொடி ஒன்றிடம் ஒரே பருவத்தில் பதினொரு முறை போனோம். கண்வலிக்கிழங்கு என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் அதுவே. அதன் இலைநுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடித்துக்கொள்வது ஒரு படம். பச்சை மொட்டு தலைகீழாகத் தொங்குவது ஒரு படம். அலையலையான இதழ்கள் பின்புறமாக மடிந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாய் நிற்பது ஒரு படம். சில நாள் கழித்து மஞ்சள் மறைந்து முழுவதும் சிவந்துபோவது ஒரு படம். பின்பு காய், காய் வெடித்துச் செந்நிற விதைகள். இத்தனையையும் ஒரே தாளில் அடுக்கியபோதுதான் அது செங்காந்தளாயிற்று. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் இதை மருந்து விதைக்காகப் பயிராகவே வளர்க்கிறார்கள். செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு கடுநஞ்சு என்பதைப் படத்தின் கீழேயே எழுதி வைத்திருக்கிறோம். பேரப்பிள்ளைகள் வரும் வீடு.

எங்களுள் தமிழாசிரியருக்கு இதில் ஒரு தனி வழக்கு உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகப் பெயர் சொல்லிவிட்டுப் போனார். காந்தளும் ஆவிரையும் தும்பையும் அதில் உண்டு. அவை நமக்குத் தெரியும். ஆனால் அந்த வரிசையில் சில பூக்கள் எவை என்று அறிஞர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெயர் பிழைத்தது; அதைச் சுட்டிக் காட்டிய விரல் பிழைக்கவில்லை. பெயரையும் படத்தையும் ஒரே தாளில் சேர்த்துவைக்க வேண்டும் என்று தமிழாசிரியர் அடம்பிடிப்பது இதனால்தான்.

நாட்டுப்புறக் காட்சிகளையும் இதே பாங்கில்தான் எடுக்கிறோம். ஒரு படத்தில் ஒரு செயல். நாற்று முடியை வீசும் கை. கண்மாய் மடையருகே வலை உதறும் ஆள். அந்தி வானத்தில் கருநிழலாய் வரிசை கட்டி நிற்கும் பனைகள். பனை மரம் காமிராவுக்காகவே படைக்கப்பட்டது போன்றது. வெறும் வானத்தின் முன் அதை நிறுத்தினால் மையால் வரைந்த சித்திரமாகிவிடும். ஆட்களின் முகத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. எடுத்தால் ஒரு பிரதி அவர்கள் வீட்டுக்குப் போய்விடும்.

இந்தக் காட்சிகளில்தான் எங்களுக்குள் வழக்கு எழுவது. பனை வரிசைக்குப் பின்னால் கைபேசிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஓவியர் கட்சி: "ஓவியன் அதை வரையமாட்டான், நாமும் ஓரடி நகர்ந்து அதை மரத்துக்குப் பின்னால் மறைத்துவிடலாம்." தமிழாசிரியர் கட்சி: "இலையைக் காணோமே என்று ஆயா கேட்டாரே, கோபுரத்தைக் காணோமே என்று நாளை ஒருவர் கேட்டால்?" பெரும்பாலும் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஒன்றில் மட்டும் இருவரும் ஒருமனப்பட்டிருக்கிறோம். பழைய காட்சி வேண்டுமென்பதற்காகக் கிழவர் ஒருவருக்குக் காசு கொடுத்து, தலைப்பாகை கட்டி, உழவு முடிந்த நிலத்தில் மாட்டை ஓட்டச் சொல்லிப் படம் எடுக்கும் வழக்கம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. டிராக்டர் உழுதால் டிராக்டர். அதன் பின்னால் கொக்குகள் இன்றும் வரிசையாகத்தான் வருகின்றன.

ஆயாவிடம் ஒருநாள், "இந்தப் பூக்களைப் பார்க்க உங்களுக்கு ஆசையாக இல்லையா?" என்று கேட்டோம். சிரித்துவிட்டார். "பூவா? அது களை டீச்சரம்மா. வுட்டாக்கா பயிரைத் தின்னுப்புடும்." அவர் சொன்னது முற்றிலும் நியாயம். நாங்கள் முழங்காலிட்டுப் படம் பிடிக்கும் அதே செடியை, குனிந்து பிடுங்கி எறிவதற்குத்தான் அவருக்குக் கூலி. பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து களைக்கொத்துடன் நகர்வார்கள். பேச்சும் சிரிப்புமாய்ப் பொழுது போகும். மாலையில் ஒவ்வொருவர் மடியிலும் களையோடு கிடைத்த கீரை இருக்கும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை எல்லாம் களைகளே. எது களை, எது கறி என்று தெரிய வேண்டியிருந்ததால்தான் அந்தப் பெண்களுக்கு இத்தனை பெயர்கள் தெரிந்திருந்தன. அந்த அறிவு கூலியோடு சேர்ந்து வந்த அறிவு.

இப்போது அந்த வரிசையைக் காண்பது அரிதாகிவிட்டது. புல்வகையை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும் மருந்துகள் 1940-களிலேயே உலகில் தோன்றிவிட்டன. எல்லாவற்றையும் கொல்பவை பின்னர் வந்தன. எங்கள் நடைவழி வயல்களில் அவை பரவலானது நாங்கள் படம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான். முதுகில் தெளிப்பானைச் சுமந்த ஒருவர் காலையில் வந்து, பத்துப் பெண்கள் ஒரு நாளெல்லாம் செய்யும் வேலையைச் சற்று நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறார். மருந்து வயலோடு நிற்பதில்லை. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் சேர்த்தே அடிக்கிறார்கள். நாங்கள் தேடும் பூக்களில் பெரும்பாலானவை அகன்ற இலைச் செடிகள். அவை நிற்பதும் வரப்பில்தான். நிலக்காரர் ஒருவரிடம் பேசிப் பார்த்தோம். நல்ல மனிதர். "ஆளு கிடைக்கலைங்க சார். கிடைச்சாலும் நான் விக்கிற விலைக்குக் கூலி கட்டுபடியாகலை. நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை. ஓய்வூதியம் வாங்குபவர்கள் அவருக்குப் புத்தி சொல்வது முறையுமன்று. வரப்பை மட்டுமாவது விட்டுவிடக் கூடாதா என்று கேட்டோம். கண்மாய்ப் பக்கத்து வரப்பு ஒன்றை அவர் இரண்டு ஆண்டுகளாக விட்டுவைத்திருக்கிறார். சென்ற கார்த்திகையில் அதில் ஓரிதழ்த்தாமரை பூத்திருந்தது. விரல் நகமளவு பூ. ஒரே ஓர் இதழ் மட்டும் பெரிதாய், இளஞ்சிவப்பாய் முன்னால் நீண்டிருக்கும்.

ஆயாவுக்கு இதைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று உண்டு. "முன்ன மாதிரி மடி நெறையக் கீரை கொண்டாந்து எத்தனை நாளாச்சு! மருந்தடிச்ச காட்டுல பறிக்கப் பயமா இருக்கு. மருமவ கீரையைக் கடையிலதான் வாங்குறா, அவளுக்கு எது தொய்யக்கீரைன்னே தெரியலை" என்கிறார். மருமகளைக் குறை சொல்லி என்ன செய்வது? அவள் களையெடுக்கப் போனவளல்லள். பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு மணமாகி வந்தவள். படித்தவளும்கூட. எங்கள் படங்களை இந்த மருமகள்தான் ஆயாவைவிட ஆர்வமாகப் பார்க்கிறாள். கீழே எழுதியிருக்கும் பெயர்களை உரக்க வாசிக்கிறாள். சென்ற மாதம் தொய்யக்கீரைப் படத்தைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் மருந்து படாத இடத்தில் தேடிப் பார்த்திருக்கிறாள். கொண்டுவந்ததில் பாதி வேறு செடி என்று ஆயா தள்ளிவிட்டாராம். மீதிப் பாதி குழம்பாயிற்று.

இதுவரை 163 செடிகளுக்குத் தாள்கள் அமைந்திருக்கின்றன. அவற்றுள் பெயர் எழுதாதவை ஒன்பது. நூல்களில் தேடி அறிவியற்பெயர் கண்டவை இவற்றிலும் உண்டு; ஆனால் ஊரில் வழங்கும் பெயர் கிடைக்காமல் தாளை முடித்துக் கட்ட எங்களுள் தமிழாசிரியர் சம்மதிப்பதில்லை. தை பிறந்து அறுவடை ஓய்ந்த ஒரு பிற்பகலில், அந்த ஒன்பதையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் பரப்பி ஆயாவை அழைத்தோம். மருமகளும் கூட வந்திருந்தாள். ஆறுக்கு ஆயா பெயர் சொல்லிவிட்டார். மருமகள் பென்சிலால் எழுதினாள். இரண்டைத் தமக்குத் தெரியாது என்று ஒதுக்கிவிட்டார்.

ஒன்பதாவது தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நீர் வற்றிய கண்மாயின் உள்வாயில் ஒரே ஓர் ஆண்டு கண்ட செடி அது. ஊதா நிறப் பூ, காம்பில்லாத இலை. "இது எங்க கீழக்காட்டுல முந்தி நெறையக் கெடக்கும். எங்கம்மா இதுக்கு ஒரு பேரு சொல்லுவா. நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது" என்றார். மணப்பாறைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தமக்கை ஒருவர் இருக்கிறாராம். அவரும் இளமையில் அதே காட்டில் களையெடுத்தவராம். அவரைக் கேட்டால் சொல்லிவிடுவாராம். மாசி மாதத்தில் அங்கே போகும்போது படத்தைக் கையோடு கொண்டுபோவதாகச் சொன்னார். தமக்கைக்குக் கண் சற்று மங்கல் என்பதால், அந்த ஒன்றை மட்டும் முழுத்தாள் அளவுக்குப் பெரிதாக அச்சிட்டு, பேருந்தில் கசங்காதபடி அட்டை வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.